விசேஷம் கேட்ட ஊர்

இதை முதலில் சொன்னவள் பூவாயி. ஜவ்வரிசி ஆக்கும் நத்தக்காட்டூர் சேகோ ஆலையின் உலர்களத்தில் தவமணிக்குப் பக்கத்தில் நின்று மாவு கிளறுபவள், கணவனை இழந்தவள், பொய் சொல்லும் அளவுக்குச் சொற்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளாதவள். ஆகவே அவள் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே முறை.

நத்தக்காட்டூரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மூக்கால் அறியலாம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு பிழிந்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அந்தத் திப்பி வெயிலில் புளித்து, ஆலைக் கழிவோடு ஓடையில் இறங்கி, ஓடையோடு ஊரைச் சுற்றி வந்து, சோற்றிலும் துணியிலும் தலைமுடியிலும் குடியேறிவிடும். வெளியூரார் முகம் சுளிப்பர்; உள்ளூரார் சுளித்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பர். எதற்கும் குமட்டாத ஊர் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. கருவுற்ற பெண்களுக்கு மட்டும் குமட்டும். அதை ஊர் கணக்கில் கொள்வதில்லை.

தவமணிக்கு இரண்டும் பெண் மக்கள். இரண்டு பேறுகளிலும் அவள் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கியதில்லை. பொழுது விடிந்தது முதல் அடைந்தது வரை வாந்தியெடுத்து, பித்தம் வந்து, பித்தத்துக்குப் பின் இரத்தம் வந்து, இளையவளைப் பெற்றெடுத்த நாளில் மணநாளைக் காட்டிலும் மெலிந்திருந்தாள். அவள் கணவன் குழந்தைவேலு ஆலையில் மேஸ்திரி. கெட்டவன் என்று எவரும் சொல்லமாட்டார்கள். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான். அவள் முற்றத்தில் குனிந்து கிடக்கும்போது, "ஊரு உலகத்துல பொம்பளைங்க பெக்கறதே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அந்த வாடை படாத தூரத்தில் இலையைப் போட்டு உண்பான்.

இளையவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாள் முதல் ஊர் கேட்கத் தொடங்கியது. குழாயடியில் கேட்டார்கள், நியாயவிலைக் கடை வரிசையில் கேட்டார்கள், இழவு வீட்டில் மாரடித்துக்கொண்டே இடையில் மூச்சு வாங்கும்போது கேட்டார்கள். டிக்கெட் கிழித்த நடத்துநர் சில்லறைக்குப் பதிலாகக் கேட்டார், பூசாரி திருநீற்றோடு சேர்த்துக் கேட்டார், ஊர்த்தலைமை வகிக்கும் பெரியதனக்காரர் மாரப்பன் தம் வீட்டு எருமையின் சினையைப் பற்றிப் பேசிய அதே வாயால், அதே மூச்சில் கேட்டார்: "ஏம்மா தவமணி, விசேஷம் உண்டா? இந்தத் தரமாவது பையன்தானே?"

மூன்றாம் முறை கரு தங்கியதைத் தவமணி ஒருவருக்கும் சொல்லவில்லை. குமட்டல் சொல்லிவிடப் பார்த்தது. வீட்டில் வாயுத்தொல்லை என்றாள். ஆலையில் திப்பிக் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். புளித்த குவியலில் புளித்தது கலந்தால் யார் அறிவார்? பூவாயி அறிந்தாள். ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத காரணத்தாலேயே தவமணி சொன்னாள்.

"எனக்கு வேண்டாம், அக்கா. இன்னொரு தரம் இதைத் தாங்கினா, இருக்கற ரெண்டுக்கும் நான் இருக்கமாட்டேன்."

"காசு இருக்குதா?"

"போனஸை அவரு கோயிலுக்குக் குடுத்துட்டாரு. உபயம் குழந்தைவேலுன்னு கல்லுல எழுதியிருக்கே, அதுதான் என் போனஸு."

அன்று மாலை பூவாயி தன் வீட்டு அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு பணப் பொட்டலத்தை எடுத்தாள்.

முதலில் போன மருத்துவமனையில் கணவன் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்றார்கள். அது சட்டத்தில் இல்லாத வழக்கம் என்று பூவாயிக்குத் தெரிந்த ஒரு கிராமச் செவிலியர் சொல்லி, நகரத்தில் வேறோர் இடத்தைக் காட்டினார். அங்கே டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, பூவாயியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"உன்னை யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"இல்லைங்க."

"இது உன் முடிவுதானே?"

தவமணி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். விடை தெரியாமல் அல்ல. தன் வயிற்றைப் பற்றி அதுவரை ஆயிரம் பேர் ஆயிரம் கேள்வி கேட்டிருந்தும், விடையை எதிர்பார்த்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுவாக இருந்ததால், அதன் எதிரில் எப்படி உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, "ஆமாங்க, என் முடிவுதான்" என்றாள்.

"அப்போ உன் கையெழுத்து மட்டும் போதும்."

நாக்கின்கீழ் வைக்க மாத்திரை தந்தார்கள். காத்திருந்தபின் பச்சை அங்கி உடுத்தி மேசையில் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்ட இடம் சுருக்கென்றது. பிறகு அடிவயிற்றை யாரோ ஈரத்துணியைப் போல் முறுக்கிப் பிழிந்தார்கள். செவிலி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை விடு கண்ணு, இப்ப முடிஞ்சுடும்" என்றாள். சிறிய பொறி ஒன்று உறிஞ்சும் ஓசை. மேற்கூரையில் ஒரு விசிறி. அது சில சுற்றுகள் சுற்றுவதற்குள் முடிந்தும் போயிற்று. தூய்மையான இடம்; மருந்து வாடை தவிர வேறு வாடை இல்லை. கசிவு இத்தனை நாள் இருக்கும், காய்ச்சல் கண்டாலோ அளவு மீறிப் போனாலோ உடனே வா என்று டாக்டரம்மா இரண்டு முறை சொல்லி, அவளை ஒரு முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

ஓய்வெடுத்துத் தவமணி கட்டிலைவிட்டு இறங்கியபோது, குமட்டல் அவளுக்கு முன்பே இறங்கிவிட்டிருந்தது. செருப்புகள் விடும் இடத்தில் அது நனைந்த நாயைப் போல் உட்கார்ந்திருந்தது. செவிலி அதைத் தாண்டிப் போனாள். பூவாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனாள். எவரும் வியக்கவில்லை. வாரக்கணக்கில் ஒரு பெண்ணின் நெஞ்சில் படுத்துக் கிடந்தது எங்காவது எழுந்து போய்த்தானே ஆகவேண்டும்?

எதிர்க்கடையில் தவமணிக்குப் பசித்தது. ஒரு பன்னைத் தின்றாள். இன்னொரு பன் கேட்டாள். தின்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே தேநீரை ஊதிக் குடித்தாள். திரும்பும் பேருந்தில் கடைசி இருக்கைக்கு அடியில் குமட்டலும் சீட்டு வாங்காமல் வந்தது. நத்தக்காட்டூர் நிறுத்தத்தில் அவர்களுக்கு முன்னால் இறங்கி, வழி தெரிந்ததைப் போல் ஊருக்குள் நடந்தது.

அன்று மாலை குழந்தைவேலு வீடு திரும்பிக் கால் கழுவிக்கொண்டு வந்தான். அடுப்பில் கடுகு வெடித்தது. அவன் முகம் மாவு நிறமாயிற்று. முற்றத்துக்கு ஓடி, பத்தாண்டுகளாக அவள் குனிந்த அதே இடத்தில் குனிந்தான்.

மறுநாள் பெரியதனக்காரர் மாரப்பனுக்குத் தம் மீசையின் சந்தன வாடையே ஆகாமல் போயிற்று. நடத்துநர் சன்னல் வழியே தலையை நீட்டியவர் உள்ளே இழுக்கவே இல்லை. அந்த வாரத்துக்குள் குழாயடி, கடைவீதி, சலூன், பால் சங்கம் எல்லாம் விழுந்தன. ஆண் பெண் என்று அது பார்க்கவில்லை. வாளி இல்லாமல் வாசற்படி தாண்டுவோர் இல்லை. நூறு பேரின் எச்சிலும் பித்தமும் பழைய திப்பி நாற்றத்தின்மேல் ஏறி அமர்ந்தன. எதற்கும் குமட்டாத ஊர் தன் நாற்றத்தைத் தானே முதன்முறையாக முகர்ந்தது.

சுகாதாரத் துறையினர் தண்ணீரை எடுத்துப் போனார்கள், தண்ணீரில் ஒன்றுமில்லை. ஆலை முதலாளி மீது ஐயம் எழுந்தது; அவர், நாற்றம் சென்ற ஆண்டு இருந்த அளவில்தான் இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிக் காட்டினார். ஊர் அத்தோடு காரணம் தேடுவதை விட்டுவிட்டுப் பழகத் தொடங்கியது. தேநீர்க் கடையில் தேநீர் நின்று, மாங்காய்க் கீற்றும் உப்பும் மிளகாய்த்தூளும் வந்தன. மளிகைக் கடையில் நாரத்தங்காய் ஊறுகாய்க்கு முன்பதிவு. அந்தி நேரத்தில் எவரும் தாளிக்கக் கூடாதென்று தண்டோரா போட்டார்கள். ஆண்களுக்குச் சாம்பல் தின்ன ஆசை வந்து, கோயில் திருநீற்றுத் தட்டைப் பூசாரி பூட்டி வைக்கும்படியாயிற்று. ஆலையில் ஆண்கள் நிழலில் உட்கார அரைமணி நேரம் ஒதுக்கினார்கள். பெண்கள் போய்க் கேட்டதற்கு, "உங்களுக்கு இது பழக்கந்தானே, தாயி?" என்று கணக்கர் சொல்லிவிட்டு வாளியைத் தேடினார்.

தவமணி உண்டாள், உறங்கினாள், உடம்பு தேறினாள். குழந்தைவேலுவின் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். கைக்கு அது அருவருப்பாக இல்லை. பிள்ளை வளர்த்த கைதான். அவன் முனகியதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. "செத்துடுவேன் போல இருக்குது, தவம். இப்படியும் ஒரு நோவு உண்டா? நெஞ்சைப் பிடிச்சு விடு. மாங்கா எங்கே?" என்று படுத்தபடியே கேட்பான். அவனைப் பார்க்க வருவோர், பாவம், எவ்வளவு பொறுமையாகத் தாங்குகிறான் என்று வியந்து, அவளிடம் காப்பி கேட்டு, அந்தக் காப்பியை வாளியில் விட்டுச் செல்வர்.

உலர்களத்தில் பூவாயி ஒருநாள் சொன்னாள்: "எனக்கு இல்லை. உம் பிள்ளைங்களுக்கு இல்லை. தபால்காரருக்கு இல்லை, அவரு தபாலைத் தவிர எதையும் பேசமாட்டாரு. யோசிச்சுப் பாரு. உன்னை விசேஷம் கேட்டவங்களுக்கு மட்டுந்தான்."

"அப்படின்னா ஊருல இருக்கற வாளி பத்தாதே, அக்கா."

"பத்தலையே."

பூசாரிதான் முடிவைக் கண்டார். ஒரு வெள்ளிக்கிழமை, வயிறு ஓய்ந்த இடைவேளையில், சன்னதியில் நின்று அறிவித்தார்: ஓடைக்கரை அம்மன் மாசமாக இருக்கிறாள்; சுமை தாளாமல் மசக்கையை மட்டும் மக்கள்மேல் இறக்கி வைத்திருக்கிறாள். ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. நேற்றுவரை நோவாக இருந்தது இன்று வரமாயிற்று. யார் அதிகம் எடுத்தார் என்பதில் போட்டி வந்தது. "எனக்கு நேத்து பச்சைப் பித்தம்" என்று மாரப்பன் சபையில் சொன்னபோது இளையவர் எழுந்து கும்பிட்டனர். தவமணிக்கு அன்றுதான் உண்மையாகவே வாய் குமட்டியது. வயிற்றிலிருந்து வந்த குமட்டல் அல்ல அது. பெண் எடுத்தால் எச்சில், ஆண் எடுத்தால் தீர்த்தமா என்று அவள் மனம் காறித் துப்பியது.

அம்மனுக்கு வளைகாப்பு என்று முடிவாயிற்று. தலைக்கட்டு வரி போட்டார்கள். ஏழு வகைச் சோறு பொங்கவேண்டும். ஆனால் தாளிதம் ஏறும்போது அடுப்படியில் நிற்க ஊரில் ஆள் இல்லை, தவமணி, பூவாயி இருவரைத் தவிர. ஆக, அந்த இருவரும் அம்மனே தேர்ந்தெடுத்தவர்கள் ஆயினர். முதல் வளையலைத் தவமணி கையால் பூட்டுவதென்றும், வளையல் பூட்டியபின் அம்மன் மடியிலுள்ள முடிதேங்காயை மஞ்சள் துணியில் சுற்றிப் பிள்ளையாக அவள் மடியில் கட்டுவதென்றும் பெரியதனக்காரர் விதித்தார். மடியில் கட்டியவள் அந்த ஆண்டுக்குள் பெற்றாகவேண்டும். அது அவ்வூர் வழக்கம். மடிப்பிள்ளையை ஏற்றுவிட்டுப் பெறாதவளுக்கு எந்த வீட்டிலும் நெருப்புத் தரமாட்டார்கள்.

"நான் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்" என்றான் குழந்தைவேலு, ஊறுகாயைச் சப்பிக்கொண்டே. "இந்தத் தரம் பையன்தான். அம்மனே தர்றா."

"என்னைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்குது?" என்றவன் வாளியை நோக்கி ஓடினான்.

வளைகாப்பு நாளில் விடியும் முன்பே இருவரும் கோயில் கொட்டகையில் அடுப்பு மூட்டினர். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு என்று அண்டா அண்டாவாக இறங்கிற்று. ஊர் எட்ட நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பக்தியோடு பார்த்தது.

"வாயைத் தொறக்காம இருந்தா மடியில கட்டிடுவாங்க" என்றாள் பூவாயி, கரண்டியைத் துடைத்தபடி. "தொறந்தா ஊரு உன்னைத் தின்னுடும்."

"அவங்களால இப்ப எதைத்தான் திங்க முடியுது, அக்கா?"

பூவாயி சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்தவர் அதுவரை எவரும் இல்லை.

இலைகள் விரிந்தன. இலைக்கு ஒரு வாளி. தவமணி அம்மன் கைக்குப் பச்சை வளையல் பூட்டினாள். வெறுப்பின்றியே பூட்டினாள், அம்மன் ஒருநாளும் அவளை எதுவும் கேட்டதில்லை. மாரப்பன் மஞ்சள் துணியில் சுற்றிய தேங்காயைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஊர் கேட்கவேண்டுமென்று குரலை உயர்த்தினார்.

"என்ன தாயி, விசேஷம் உண்டா?"

கேட்ட மாத்திரத்தில் குனிந்தார். தேங்காய் உருண்டு இலைகளுக்கிடையே ஓடியது.

அவர் நிமிரும்வரை தவமணி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"இருந்துச்சுங்க, பெரியப்பா. எனக்கு வேண்டாம்னு போய் எடுத்துட்டேன்."

மாரப்பன் வாயைத் திறந்தார். வந்தது சொல் அன்று. பூசாரி "அடிப் பாவி" என்று தொடங்கி 'அடி'யோடு நின்று கவிழ்ந்தார். "எவனைக் கேட்டுடி..." என்று எழுந்த குழந்தைவேலு 'எவனை'யைத் தாண்டவில்லை. ஏச வாய் திறந்தவர் அத்தனை பேரும் வாளிக்குள் போனார்கள். ஏசாமல் இருக்க முடியாதவர்கள் வாளியைவிட்டு வரவே இல்லை. ஆகவே நத்தக்காட்டூரின் நினைவில் முதன்முறையாக ஒரு பெண் தொடங்கிய பேச்சை முடிக்கும்வரை குறுக்கிட ஆளில்லாமல் போயிற்று.

அவள் முடித்தாள். அவசரமே இல்லாமல் முடித்தாள். இரண்டு பேற்றிலும் இரத்தமாய் எடுத்ததைச் சொன்னாள். கல்லில் எழுதிய போனஸைச் சொன்னாள். பூவாயியின் அரிசிப் பானையையும் அதிலிருந்து வந்த தொகையையும் சொன்னாள். டாக்டரம்மா கேட்ட கேள்வியை அதே குரலில் கேட்டுக் காட்டினாள். ஊசியும் விசிறியும் கையைப் பிடித்த செவிலியும் எல்லாம் சொன்னாள். போகவர இருவருக்கும் பேருந்து, இரண்டு தேநீர், மூன்று பன், அதில் இரண்டு தன் வயிற்றுக்கு என்று ஒவ்வொன்றின் காசையும் விடவில்லை. "வலிச்சுது. அழுதேன். ஆனா பசிச்சுது. நான் இருக்கேன், என் பிள்ளைங்களுக்கு ஆத்தா இருக்கா. இதுக்காக நான் எந்தச் சாமி முன்னாடியும் கன்னத்துல போட்டுக்கப் போறதில்லை" என்றாள்.

வாளிகளின் ஓசை மட்டும் இருந்தது. அப்போது பந்தியின் கடைக்கோடியில் எதிர்வீட்டு நல்லம்மாள் வாயைத் திறந்தாள். குழாயடியில் தவமணியை அதிகம் கேட்டவளும் அதிகம் எடுத்தவளும் அவள்தான். பக்கத்திலிருந்தவர்கள் இலையை நகர்த்திக்கொண்டார்கள்.

"எனக்குக் கலைக்க எருக்கங்குச்சி வெச்சாங்க" என்றாள் நல்லம்மாள். "ரெண்டு தரம். மாட்டுக் கொட்டாயில. கையைப் பிடிச்சுக்க ஆளில்லை, வாயில துணியை அடைச்சாங்க."

அவளுக்கு வாந்தி வரவில்லை. அவள் சற்றுக் காத்திருந்து பார்த்தாள். பிறகு எள்ளுச்சோற்றை ஒரு கை அள்ளி வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். அந்தப் பந்தியில் விழுங்கப்பட்ட முதல் கவளம் அது. அடுத்து ஒருத்தி, அவளுக்கு எதிரே ஒருத்தி என்று ஒவ்வொருத்தியாய் ஏதோ சொன்னாள். சிலர் அடுத்தவர் காதில் மட்டும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் உண்டார்கள். பொழுது ஏறுமுன் பெண்கள் பக்கத்து அண்டாக்கள் காலியாயின. ஆண்கள் பக்கத்தில் ஈ மொய்த்தது.

ஆண்களுக்கு அது மெல்லத்தான் விட்டது. வாயை மூடிக்கொண்டவர்களுக்கு முன்னதாக, மூட முடியாதவர்களுக்குப் பின்னதாக. மாரப்பனுக்கு நிறைமாதம்வரை விடவில்லை என்றும், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார் என்றும் சொல்வார்கள். அவரைப் பற்றிப் பேச இனி விருப்பமில்லை.

குழந்தைவேலு பேசாமல் கிடந்தான். அவளை ஏச நினைத்த நாள்களில் எடுத்தான். தன்னை நினைத்து இரங்கிய நாள்களில் அதைவிட எடுத்தான். வாளியைக் கழுவ அவள் வரவில்லை, அவனே கழுவினான். இளைத்துத் துரும்பான பிறகு ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பித் தலையில் துண்டைக் கட்டும்போது, வாளியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு, அஞ்சி அஞ்சி ஒரு கேள்வி கேட்டான்.

"ரொம்ப வலிச்சுதா?"

இருவரும் வாளியைப் பார்த்தார்கள். ஒன்றும் நேரவில்லை.

"வலிச்சுதுங்க" என்றாள் தவமணி. சோற்றுப் பானையை அவன் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மன்னித்தாளா என்று பூவாயி கேட்கவில்லை. அதனால் நமக்கும் தெரியாது.

ஆலையில் சில வாரக் கூலி வாங்கியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பூவாயி வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை, துண்டை அவிழ்த்துப் பணத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனான். பூவாயி எண்ணினாள். மருத்துவமனைக்குத் தான் கொடுத்த ஆறாயிரத்து இருநூறுதான் வரும் என்று நினைத்தாள். அதற்குமேலும் இருந்தது. இருவருக்கும் போகவரப் பேருந்துக்கு எண்பத்தெட்டு, இரண்டு தேநீருக்கும் மூன்று பன்னுக்கும் ஐம்பத்து நான்கு. அன்று வாளிக்குள் தலையைக் கவிழ்த்திருந்தவன் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டிருக்கிறான். வியர்வை ஈரம் காயாத அந்த நோட்டுகளை அவள் அரிசிப் பானைக்குள் இறக்கினாள்: ஆறாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.